தலைகீழாய் நிற்கும் ஈ

காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸோ இரண்டாம் நம்பரோ ஏறினால் பாகாயம் வந்து சேரலாம். ஊர்ப்பெயரைத் தமிழில் படித்தாலும் ஆங்கிலத்தில் படித்தாலும் வெளியூர்க்காரர் வாயில் அது முதல் தடவையே சரியாக வந்துவிடாது. தமிழில் படிக்கிற மதுரைக்காரர் ‘பால்’, ‘பாட்டு’ என்பதில் வருகிற ப-வைப் போட்டுச் சொல்வார். ஊரார் சொல்வது ‘பஸ்’, ‘பல்பு’ என்பதில் வருகிற ப. சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இங்கே இருப்பதால் மேகாலயாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். ஆங்கிலத்தில் படிக்கிற அவர்களுக்கு முதல் எழுத்தில் குழப்பமே இல்லை, பி என்று போட்டிருக்கிறது. ஆனால் அடுத்து வரும் மூன்று ஏ-க்களில் எது நெடில், எது குறில் என்று அவர்கள் யாரைக் கேட்பது? நெடில், நெடில், குறில் என்பது இங்கே இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

வேலூருக்கும் இதே கதைதான். ஆங்கிலத்தில் இரண்டு எல் போட்டு எழுதிவிட்டார்கள், வடக்கே பாதிப் பேர் ‘வெல்லூர்’ என்கிறார்கள். கொல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களின் மொழியில் வ இல்லை, அதனால் மூச்சை அழுத்திப் ‘பேலோர்’ என்கிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மருந்துக்கடைப் பலகைகளை வங்காள எழுத்தில் பார்க்கலாம். அந்த எழுத்திலும் ஊர் அப்படித்தான் இருக்கிறது.

எந்த எழுத்தும் தன் மொழிக்காரனுக்கு வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடும். விட்டதையும் எழுத வேண்டும் என்றால் மூன்றாவதாக ஓர் எழுத்து வேண்டும். அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில், இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே நிற்பது அதுதான். பள்ளிக்கூடத்தில் யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. கல்லூரியில் ஆங்கிலம் எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு தாள் உண்டு, தேர்வு முடிந்ததும் அதுவும் மறந்துபோகும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்தத் தாளும் கிடையாது, அவள் படித்தது பி.காம். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டு பையரோடு தினமும் ஃபோனில் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டீ நேரத்தில், தடித்த அகராதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்தாள்.

“இன்னா சார் இது, இங்கிலீஷே பாதி தலைகீழா கீது? பிரிண்ட்டு தப்பா?”

தப்பில்லை. ஆனால் அச்சுக்கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

1886-இல் பாரிஸில், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்திய ஆசிரியர்கள் சிலர் பால் பாஸி என்பவர் தலைமையில் ஒரு சங்கம் வைத்தார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் படித்தால் பிரெஞ்சுப் பிள்ளைகள் நம்மைவிட மோசமாகத் தடுக்கி விழுந்தார்கள். எழுத்தை மறந்துவிட்டு ஒலியை மட்டும் முதலில் கற்றுக்கொடுத்தால் என்ன என்பது அவர்கள் யோசனை. உற்சாகம் தாங்காமல் சங்கத்தின் ஆங்கிலப் பெயரையே ஒலிப்படி எழுதி வைத்துக்கொண்டார்கள், அதைப் பார்க்கும் எந்த ஆங்கிலேயனும் ஒரு நிமிடம் திகைத்துப்போவான். 1888-இல் முதல் குறிப்பட்டியல் வந்தது. 1897-இல் சங்கம் ‘சர்வதேச’ என்ற அடைமொழியைப் பெற்றது. அவர்கள் நடத்திய பத்திரிகை 1970 வரை கட்டுரை, கடிதம் எல்லாவற்றையும் ஒலிக்குறியிலேயே அச்சிட்டது. பிடிவாதக்காரர்கள்தான்.

அன்றைக்கு அச்சு என்றால் ஈய எழுத்து. புதிதாக ஒரு குறி வேண்டும் என்றால் அச்சு வெட்டி வார்க்க வேண்டும், காசு. இருக்கிற ஈய எழுத்தையே கவிழ்த்து அடுக்கினால் செலவே இல்லை. அதனால்தான் அகராதியில் சிறிய ஈ தலைகீழாக நிற்கிறது, சி முதுகைத் திருப்பிக்கொண்டிருக்கிறது, வி கூரை போலக் கவிழ்ந்து கிடக்கிறது. கவிழ்த்து முடியாத இடத்தில் கடன் வாங்கினார்கள். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் வரும் தீட்டா கிரேக்கத்திலிருந்து வந்து ‘தின்’, ‘தேங்க்ஸ்’ என்ற சொற்களின் முதல் ஒலிக்கு உட்கார்ந்தது. எஸ்ஸை மேலும் கீழும் இழுத்து நீட்டினார்கள், பிளஸ் டூ கணக்கில் இன்டக்ரேஷனுக்குப் போடுகிற அதே உருவம், அது ஷூ-வின் ஷ. என்-னின் காலில் ஒரு வால் ஒட்டி ங் ஆக்கினார்கள்.

“இத்தனையும் மனப்பாடம் பண்ணணுமா சார்?”

வேண்டாம். அகராதிகள் எடுத்துக்கொள்ளும் தென் இங்கிலாந்துப் படித்தவர் பேச்சில் மொத்தம் 44 ஒலிகள் என்று கணக்கு: மெய் 24, உயிர் 20. எழுத்து 26-ஐ வைத்துக்கொண்டு 44 ஒலியை எழுதப் போனதால்தான் அந்த மொழிக்கு இத்தனை திண்டாட்டம். ஆனால் மெய்யில் பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்த ஆங்கில எழுத்தேதான், பி-க்கு பி, எம்-முக்கு எம். புதிதாகப் பழக வேண்டியது கொஞ்சம்தான். அதிலும் ஒன்றே ஒன்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, தலைகீழாய் நிற்கும் அந்த ஈ.

அதற்குப் பெயர் ஷ்வா. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிர் அதுதான், அதற்கென்று ஆங்கிலத்தில் எழுத்தே கிடையாது. அவள் கம்பெனியில் நாள் முழுக்கப் புழங்குகிற சொல்லை எடுத்தேன்: ‘அப்பர்’. ஷூவின் மேல்பாகம். நாம் இரண்டு அ-வையும் ஒரே மாதிரி சொல்கிறோம். அகராதியில் பாருங்கள், முதல் அ-வுக்குக் கவிழ்ந்த வி, இரண்டாவதுக்குத் தலைகீழ் ஈ. முதலாவது வாயைத் திறந்து சொல்வது. இரண்டாவது வாயைத் திறக்கவும் இல்லை மூடவும் இல்லை, நாக்கு எங்கேயும் போகவில்லை, மூச்சு விடும்போது குரல் சேர்ந்துகொண்டது போல ஓர் அரைகுறை ஒலி. கடைசியில் எழுதியிருக்கும் ஆர் வெறும் எழுத்து, தென் இங்கிலாந்துக்காரர் அதைச் சொல்வதே இல்லை. ‘லெதர்’, ‘கலர்’, ‘கஸ்டமர்’ எல்லாம் முடிவது இதில்தான். ‘அப்ரூவல் சாம்பிள்’ என்பதில் ‘அப்ரூவல்’ தொடங்குவதும் ஷ்வா, அதன் கடைசி அசையிலும் ஷ்வா, நடுவில் இருக்கும் ரூ ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. நாம் மூன்று அசைக்கும் சமமாகச் சோறு போடுகிறோம். வெள்ளைக்காரர் ஒன்றுக்கு விருந்து வைத்து மற்றதைப் பட்டினி போடுகிறார். அவர் வேகமாகப் பேசுவது போல நமக்குத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்து அவள் ஃபோனில் இருந்த ஒரு படத்தைக் காட்டச் சொன்னேன். பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர் தமிழில் எழுதி வைக்கும் நோட்டு. ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் ‘பேக்’ என்று இருந்தது. ஒரு இடத்தில் அது பை. ஒரு இடத்தில் கட்டுவது. இன்னொரு இடத்தில் ஷூவின் பின்பக்கம். படித்தவருக்குக் குழப்பமில்லை, இடம் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். பேக்கரியில் வேலை செய்கிறவர் நோட்டாக இருந்தால் நாலாவதாக ஒரு ‘பேக்’ வந்திருக்கும், அடுப்பில் வைத்துச் சுடுவது. இந்த நாலையும் ஒலிக்குறியில் எழுதினால் நாலும் நாலு விதம். முதல் மூன்றிலும் நடுவில் இருப்பது ஏ-யும் ஈ-யும் ஒட்டிப்பிறந்த ஓர் உயிர், தாடையை நன்றாகக் கீழே இறக்கினால் வருவது. நம் ஏ அதுவல்ல. நாலாவதில் மட்டும் நம் எ-வில் தொடங்கி இ பக்கம் நழுவுகிறது. முன்னும் பின்னும் இருக்கும் மெய்களும் வேறு வேறு, பி-யா பீ-யா, கே-யா ஜி-யா என்று தனித்தனியாகக் குறி போடுகிறது.

“அப்ப பையர் கிட்ட நான் ‘பேக் பண்ணிட்டோம்’னு சொன்னா அவருக்குச் சரியா கேக்குமா சார்?”

நல்ல கேள்வி. கேட்காமல் போக வாய்ப்பு உண்டு, காரணம் அகராதியிலேயே எழுதியிருக்காது. டீ கிளாஸுக்குக் கீழே இருந்த மெல்லிய தாளை எடுத்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லி, ‘பால்’ என்று சொல்லச் சொன்னேன். தாள் அசையவில்லை. இங்கிலாந்துக்காரர் ‘பேக்’ என்று கட்டுவதைச் சொல்லும்போது அந்தத் தாள் படபடக்கும், சொல்லின் முதலில் வரும் ப், ட், க் மூன்றையும் அவர்கள் மூச்சைத் தள்ளித்தான் சொல்வார்கள். மூச்சில்லாத நம் ப அவர் காதில் ‘பஸ்’ஸின் ப-வாக விழுந்தாலும் விழும். கட்டிவிட்டோம் என்று நாம் சொன்னது திரும்பி வந்துவிட்டது என்று அவருக்குக் கேட்கலாம்.

இதை ஏன் அகராதி எழுதவில்லை? இங்கேதான் சாய்கோட்டின் விஷயம் வருகிறது. சாய்கோட்டுக்குள் எழுதுவது ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரிக்கப் போதுமான அளவுதான். ஆங்கிலேயனுக்கு மூச்சு தானாக வரும், அதனால் எழுதத் தேவையில்லை. ஒரு வாய் நிஜமாக என்ன செய்தது என்று நுணுக்கமாக எழுத வேண்டுமானால் சதுர அடைப்புக்குள் எழுதுவார்கள், அங்கே மூச்சுக்கும் ஒரு குட்டி ஹெச் மேலே ஏறி உட்காரும். ஷூ கம்பெனிக்காரிக்கு இதைச் சொல்வது சுலபம்: சாய்கோடு என்பது எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்கிற சைஸ். சதுர அடைப்பு என்பது ஒரு ஆளின் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தது.

சி.எம்.சி.யில் பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குச் சதுர அடைப்புதான் சோறு. ‘காக்கா’ என்று சொல்லத் தெரியாத குழந்தை ‘தாத்தா’ என்கிறது என்று வையுங்கள். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். பேச்சுப் பயிற்சியாளர் அந்த வாயில் நாக்கு எங்கே தொட்டது, மூச்சு மூக்கு வழியாகக் கசிந்ததா, குரல் இருந்ததா என்று குறியில் பதிவு செய்துகொள்வார். மூன்று மாதம் கழித்து அதே குழந்தையைப் பதிவு செய்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முன்னேற்றம் தெரியும். உதட்டுப் பிளவு, பக்கவாதம் போன்றவற்றால் பேச்சு மாறியவர்களின் ஒலிகளுக்கு சாதாரணப் பட்டியல் போதாமல் 1990-இல் தனியாகக் கூடுதல் குறிகளே உருவாக்கினார்கள்.

தமிழ் எழுத்தும் ஒருவகையில் சாய்கோட்டு எழுத்துதான். ‘தாது’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் த-வில் நாக்கு பல்லை அழுத்தி மூச்சை நிறுத்துகிறது. இரண்டாவதில் நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் போகிறது, குரல் சேர்கிறது, மூச்சு நிற்கவில்லை. ஒரே எழுத்து, இரண்டு ஒலி. உயிருக்கு நடுவில் வந்தால் இப்படித்தான் மென்மையாகும் என்பது தமிழ் வாய்க்குத் தெரிந்திருப்பதால் ஓர் எழுத்து போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இந்தத் தோல் சீமையில் எல்லோர் வாயிலும் புரளும் ‘லெதர்’ என்ற சொல்லின் நடுவில் இருப்பது அந்த இரண்டாவது த-தான். அகராதியில் அதற்கு, டி-யின் தலையை இடப்பக்கம் வளைத்துக் கழுத்தில் குறுக்குக் கோடு போட்ட ஒரு பழைய எழுத்து இருக்கும். ஆம்பூரில் பேர்ணாம்பட்டில் தோல் கடையில் நிற்கிற எவரும் அந்த ஒலியைச் சிரமமில்லாமல் சொல்வார்கள், அவர்கள் ‘காது’ என்றும் ‘பாதி’ என்றும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தானே. அதே ஆள் ‘தட்’, ‘திஸ்’ என்று சொல்லும்போது முதல் எழுத்து என்பதால் வல்லின த போட்டுவிடுவார். நாக்குக்கு வராத ஒலி இல்லை அது, அந்த இடத்தில் போடப் பழகாத ஒலி. ஆங்கில ஒலிகள் தமிழனுக்கு வராது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதுமே தகராறு. வருகிறது, வேறு இடத்தில் வருகிறது.

கேஷுவல் ஷூ என்பதில் இரண்டு ஷ இருக்கிறது. குரல்வளையில் விரலை வைத்துக்கொண்டு சொன்னால் வித்தியாசம் தெரியும். முதல் ஷ-வில் தொண்டை அதிர வேண்டும், அதற்கு வால் முளைத்த மூன்று போல ஒரு குறி. இரண்டாவதில் அதிர்வு கூடாது, நீட்டிய எஸ். ‘மெஷர்மென்ட்’டிலும் முதல் வகைதான். ‘ஜிப்’ என்று நாம் சொல்கிற சொல்லில் இருப்பது ஜ இல்லை, எஸ்ஸோடு தொண்டை அதிர்வு சேர்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் வீட்டில் உருது பேசுகிறவர்களுக்கு இது பிறவியிலேயே உண்டு, ஃப-வும் உண்டு. அதே மேசையில் உட்காரும் தமிழ் பேசுகிறவர் ‘ஜிப்’ என்பார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் வந்தது. எந்த வீட்டு நாக்கில் அது வந்து உட்கார்ந்தது என்பதில்தான் வேறுபாடு.

“ஷிப், ஷீப் ரெண்டும் எங்களுக்குத் தகராறே இல்ல சார். ‘ஷீப் ஷிப் ஆயிடுச்சு’ன்னு தெனமும் சொல்றோம்.”

குறில் நெடில் உள்ள மொழியில் பிறந்த பாக்கியம். செம்மறித் தோலும் கப்பலில் ஏற்றுவதும் இங்கே யாருக்கும் குழம்பாது. ஆனால் அகராதியில் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் நீளம் மட்டும்தான் வித்தியாசம் என்றால் ஒரே குறியைப் போட்டு, ஒன்றுக்கு மட்டும் நீட்டல் குறியை, அதாவது முனையோடு முனை பார்த்து நிற்கும் இரண்டு குட்டி முக்கோணத்தை, பக்கத்தில் வைத்தால் போதும். டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி பல பதிப்புகள் வரை அப்படித்தான் செய்தது. 1977-இல் வந்த 14-ஆம் பதிப்பில் பதிப்பாசிரியர் கிம்சன் அதை மாற்றினார். ‘ஷிப்’புக்குக் குள்ளமான பெரிய ஐ, ‘ஷீப்’புக்குச் சாதாரண ஐ-யோடு நீட்டல் குறி. காரணம், அந்த இரண்டு உயிரும் வாயில் பிறக்கும் இடமே வேறு. ‘ஷிப்’பின் இ கொஞ்சம் தளர்ந்தது, நாக்கு சற்றுக் கீழே. நீளத்தை நம்பவும் முடியாது. ப், ட், க் பின்னால் வந்தால் ஆங்கிலத்தில் நெடிலும் சுருங்கிப்போகும், ‘ஷீப்’பின் ஈ நம் காதுக்குக் கிட்டத்தட்டக் குறிலாகவே கேட்கலாம். வீட்டில் பழைய அகராதியும் ஃபோனில் புதியதும் வைத்திருப்பவர்கள் குறி மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அமெரிக்க அகராதிகளில் சில இந்தக் குறிகளையே எடுத்துக்கொள்ளாமல் தங்கள் சொந்த முறையில் எழுதுகின்றன, அதற்கும் பயப்பட வேண்டாம். எந்த அகராதிக்கும் முதல் பக்கங்களில் திறவுகோல் பட்டியல் இருக்கும். அதை யாரும் திறப்பதில்லை என்பது வேறு விஷயம்.

தையல் மெஷின் வைத்திருந்த வீடுகளுக்கு ‘சிங்கர்’ என்ற பெயர் தெரியும். அதையும் ‘ஃபிங்கர்’, ‘ஜிஞ்சர்’ இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், நடுவில் என், ஜி, ஈ, ஆர் என்று வால் ஒன்றேதான். ஒலியோ மூன்று. ‘ஃபிங்கர்’ நம் ‘சங்கு’ போல, ங்-குக்குப் பின் க உண்டு. ‘ஜிஞ்சர்’ நம் ‘மஞ்சள்’ போல. ‘சிங்கர்’ மட்டும் வெறும் ங், பின்னால் க கிடையாது. தமிழில் ங் தனியாக நின்று பழக்கமே இல்லை, க-வைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வரும். வால் முளைத்த என் மட்டும் இருந்து பக்கத்தில் ஜி இல்லாவிட்டால் க-வை விழுங்கிவிடுங்கள், ‘ஸ்டிச்சிங்’, ‘கட்டிங்’, ‘லாஸ்டிங்’ எல்லாம் அப்படித்தான் முடிகின்றன.

நம் வ பற்றி ஒரு வார்த்தை. ‘வெட் புளூ’ என்று எல்லாரும் சொல்கிறோம், குரோம் ஏறிய நீலத் தோல். ஆங்கிலத்தில் மேல்பல் கீழுதட்டில் உரசுவது ஒன்று, உதட்டைக் குவிப்பது இன்னொன்று. ‘வெட் புளூ’ குவிப்பது. நம் வ இரண்டும் இல்லை, பல் உதட்டருகே வந்து உரசாமல் போகும். அதற்கும் பட்டியலில் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள், வலப்பக்கக் கொம்பு வளைந்த வி. நம் ழ-வுக்கும் இடம் உண்டு: சிறிய ஆரைக் கவிழ்த்து வால் வைத்தது. வாலில்லாத கவிழ்ந்த ஆர் இங்கிலாந்துக்காரரின் ர. ஆக ழ-வும் அவர்கள் ர-வும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ ஆக்குகிற எங்கள் வடாற்காட்டு வாய்க்கு இது தெரிந்தால் என்ன நினைக்குமோ.

ஒலி பிறக்கும் இடத்தை வகைப்படுத்துவதைப் பாரிஸ் ஆசிரியர்கள் கண்டுபிடித்துவிடவில்லை. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது, நெஞ்சு, மிடறு, தலை, நா, பல், இதழ், மூக்கு, அண்ணம் என்று எட்டு உறுப்பைச் சொல்லி எந்த எழுத்து எங்கே பிறக்கிறது என்று அடுக்குகிறது. வடமொழி ஒலிநூல்களை 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் படித்துத்தான் தங்கள் ஒலியியலைச் சீர்செய்துகொண்டார்கள். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்று இலக்கண வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறோமே, ‘பஸ்ஸு’, ‘புக்கு’ என்று ஆங்கிலச் சொல்லுக்கு வால் ஒட்டும்போது நம் வாயில் வருவது அதேதான். உதடு குவியாத உ. ஒலிக்குறியில் அதற்கு எம்-மைக் கவிழ்த்துப் போட வேண்டும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே கல்லூரியில் அடுத்தடுத்த வகுப்பில் ஒரே விஷயத்தை நடத்துகிறார்கள், ஓய்வறையில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதுதான் இல்லை.

கல்லூரியில் இது நடக்கும் விதம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. புத்தகங்கள் மேல் குறை சொல்ல முடியாது. ஹைதராபாத்தில் 1958-இல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம் இந்தியக் காதுக்கேற்ற ஒலியியலை வளர்த்தது. அங்கிருந்த பன்ஸல், ஹாரிசனோடு சேர்ந்து 1972-இல் எழுதிய நூலும், டி. பாலசுப்ரமணியன் 1981-இல் எழுதிய பாடநூலும் தமிழ்நாட்டில் தலைமுறைகளாகப் படிக்கப்படுகின்றன. இந்தியர்கள் பேசும் ஆங்கிலம் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பொறுமையாகச் சொல்பவை அவை. தேர்வில் கேட்பதோ, பத்துச் சொல்லைக் கொடுத்துக் குறியில் எழுது என்று. மாணவர் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார். காது வேலையே செய்யவில்லை. தேர்வறையில் ஒரு ஒலிப்பதிவைப் போட்டு, கேட்டதை எழுது என்று சொன்னால் போதும், இந்தப் பாடம் உயிர் பெற்றுவிடும். அதுவும் லண்டன் குரல் வேண்டாம், வேலூர் குரலே போதும். நான் சொல்கிற ‘கஸ்டமர்’ என்ன, நீ சொல்கிறது என்ன என்று எழுதிப் பார்க்கட்டும்.

இதை எல்லாம் சொன்னாலும் ஃபோனில் பையருக்குப் புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த 44 காரணமே இல்லை. பன்ஸல் இந்திய ஆங்கிலம் எந்த அளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட நூலில், சொல்லில் அழுத்தம் தப்பான அசையில் விழுவதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார். அதற்கான குறி மிகச் சின்னது, அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு செங்கோடு. கண்ணில் தூசி விழுந்தது போல இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘எக்ஸ்போர்ட்’ பெயர்ச்சொல்லாக வந்தால் கோடு ‘எக்ஸ்’ஸுக்கு முன்னால், ஏற்றுமதி செய் என்று வினையாக வந்தால் ‘போர்ட்’டுக்கு முன்னால். ‘கம்போனன்ட்’ என்பதில் ‘போ’-வில் ஏறி இறங்க வேண்டும், முதலிலும் கடைசியிலும் தலைகீழ் ஈ. ‘டெவலப்மென்ட் சாம்பிள்’ என்று முதல் அசையில் குத்துகிறோம், கோடு ‘வெ’-வுக்கு முன்னால் இருக்கிறது. தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது, அதனால் நம் காது அதைத் தேடுவதே இல்லை. ஆங்கிலக் காதோ முதலில் அதைத்தான் பிடிக்கிறது, அதை வைத்துத்தான் என்ன சொல் என்று ஊகிக்கிறது.

“அப்ப எதுல ஆரம்பிக்கட்டும் சார்?”

இந்த மேல்கோட்டிலும் தலைகீழ் ஈ-யிலும் ஆரம்பி. அவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி: கோடு இருக்கிற அசையில் அந்த ஈ தனியாக வராது. தினமும் கம்பெனியில் புழங்கும் நாலைந்து சொல்லை அகராதியில் பார், கோடு எங்கே, ஈ எங்கே என்று மட்டும் பென்சிலால் குறி. பிறகு ஃபோனில் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கிக் கேள். மற்ற குறிகள் தேவைப்படும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

டீயை மறந்தே போயிருந்தாள். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஃபோனில் ஒரு மெயிலைத் திறந்து காட்டினாள். அதில் ஒரு சொல்: சி, ஹெச், ஏ, எம், ஓ, ஐ, எஸ். கம்பெனியில் ஒருவர் ‘சமாய்ஸ்’ என்கிறாராம், இன்னொருவர் ‘கமாய்ஸ்’. நான் சொல்லவில்லை, அகராதியை அவள் பக்கம் தள்ளினேன். தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்தாள். மேல்கோடு, நீட்டிய எஸ், ஒட்டிப்பிறந்த ஏ-ஈ, எம், ஐ.

“ஷே... ஷேமி? இவ்ளோதானா? எஸ் எங்க சார்?”

“எழுத்துல இருக்குது, வாய்ல இல்ல. தாடைய இன்னும் கொஞ்சம் எறக்கு.”

“ஷ்ஷேமி. அப்ப பக்கத்துல இன்னொண்ணு போட்டிருக்கே, ஷாம்... ஷாம்வா?”

“அது அந்த மலையாட்டுக்கு. முன்ன மேல்கோடு இருக்குதா பாரு.”

“கீது. நாங்க வாங்குறது தோலு. அப்ப ஷேமி,” என்றவள், அகராதி ஓரத்திலேயே பென்சிலால் நீட்டிய எஸ்ஸை எழுதிப் பார்த்தாள்.